சோளக்கொல்லை பொம்மையும் சிவப்பு மையும்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர்கள் முதுமையில் அளித்த பேட்டிகளைக் கேட்பது சில ஆண்டுகளாக எனக்கு இரவு நேரப் பழக்கமாகிவிட்டது. லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகமும் லிங்கன் நகரில் உள்ள பன்னாட்டு பாம்பர் கமாண்ட் (பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப்படைப் பிரிவு) மையமும் இத்தகைய ஒலிப்பதிவுகளைத் திரட்டி எவரும் கேட்கும்படி வைத்திருக்கின்றன. பேசுகிறவர்கள் எண்பது, தொண்ணூறு வயதைத் தொட்டவர்கள். தேநீர்க் கோப்பை தட்டில் அமரும் ஓசையும் சுவர்க் கடிகாரத்தின் ஓசையும் இடையிடையே பதிவில் கேட்கும். இந்தக் குரல்களில் திரும்பத் திரும்ப வந்து விழும் ஒரு சொல்தான் இதை எழுதத் தூண்டியது. அவர்கள் ‘ஸ்கேர்குரோ’ என்கிறார்கள். நம் ஊர்ச் சோளக்கொல்லை பொம்மைதான்.

அவர்கள் விவரிப்பது இதுதான். ஜெர்மனிக்கு மேலே, இருபதாயிரம் அடி உயரத்தில், கும்மிருட்டில் பறந்துகொண்டிருக்கும்போது சற்றுத் தொலைவில் ஒரு பெரும் தீப்பிழம்பு சட்டென்று விரியும். நடுவே கரும்புகை சுருண்டு எழும். எரியும் துண்டுகள் மெதுவாகக் கீழே இறங்கும். பெட்ரோலும் குண்டுகளும் நிறைந்த விமானம் ஒன்று வெடித்துச் சிதறியதைப் போலவே அது தோன்றும். ஆனால் அது விமானம் அல்ல, பறக்கும் நம்மை அச்சுறுத்துவதற்காக ஜெர்மானியர்கள் தரையிலிருந்து சுட்டு அனுப்பும் போலிக் குண்டு என்பது அவர்கள் அனைவரும் அறிந்த செய்தி. கொல்லையில் நிற்கும் பொம்மையைக் கண்டு குருவிகள் அஞ்சலாம், நாம் அஞ்சலாமா என்று தமக்குள் சொல்லிக்கொண்டு மேலே பறந்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு குண்டு இருந்ததே இல்லை. போர் முடிந்தபின் ஜெர்மன் தரப்பு ஆவணங்கள் ஆராயப்பட்டபோது, வெடித்துச் சிதறும் விமானத்தைப் போல நடிக்கும் குண்டு எதுவும் அவற்றில் அகப்படவில்லை. அவர்கள் பார்த்த தீப்பிழம்புகள் எல்லாம் உண்மையான விமானங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பெரும்பாலும் ஏழு பேர் இருந்தார்கள். சிலர் சிவப்பும் பச்சையுமாகப் பொறிகள் சிதறியதைக் குறிப்பிட்டு, அதனால்தான் அது விமானமாக இருக்க முடியாது என்று வாதிடுகிறார்கள். இலக்கை அடையாளம் காட்டும் வண்ண ஒளிக்குண்டுகளைச் சுமந்து முன்னே செல்லும் பாத்ஃபைண்டர் விமானம் வெடித்தால் அப்படித்தான் சிதறும். (பாத்ஃபைண்டர் படையில் இடம்பெற்ற 35-ஆம் ஸ்குவாட்ரனின் முழுப்பெயரில் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்பதும் சேர்ந்திருந்தது. நம் மாகாணம் அளித்த போர் நன்கொடைக்கு நன்றியாக ஒட்டிக்கொண்ட பெயர் அது. முதன்முதலாக அதைப் படித்தபோது சற்று நேரம் திகைத்துப் போனேன்.)

இதைக் கேட்டவுடன் ‘கிழவர்களின் நினைவு பிசகிவிட்டது’ என்று முடிவு கட்டிவிடுவது எளிது. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் கட்டினேன். அது தவறு. அவர்களுடைய நினைவு இங்கே பிசகவே இல்லை. 1944-இல் எதைப் பார்த்தார்களோ, அதைப் பற்றி அன்று என்ன நம்பினார்களோ, அதையே அறுபது ஆண்டுகள் கழித்தும் வரி மாறாமல் சொல்கிறார்கள். பிழை நிகழ்ந்தது நினைவில் அல்ல, பார்த்த அந்தக் கணத்திலேயே. பிழையான செய்தி ஒன்றை நினைவு மிகத் துல்லியமாகப் பாதுகாத்துத் தந்திருக்கிறது.

அவர்கள் ஏன் அப்படி நம்பினார்கள் என்பதற்கு அச்சம் மட்டும் காரணமல்ல. விமான எதிர்ப்புப் பீரங்கியின் குண்டு வந்து வெடித்தால் தெரியும்; இரவுநேரப் போர் விமானம் பின்னாலிருந்து சுட்டால் ஒளிரும் தோட்டாக்களின் கோடு தெரியும். இவை எதுவும் தெரியாமல், நேராகச் சென்றுகொண்டிருந்த ஒன்று திடீரெனத் தீப்பந்தாக மாறினால் அதை என்னவென்று சொல்வது? 1943-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ஜெர்மன் இரவு விமானங்களில் ‘ஷ்ரேகெ மூசிக்’ என்ற ஏற்பாடு பரவலாக வந்தது. விமானியின் முதுகுக்குப் பின்னால் இரண்டு பீரங்கிகளை மேல்நோக்கிச் சாய்வாகப் பொருத்தியிருப்பார்கள். பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துக்கு அடிவயிற்றில் பெரும்பாலும் துப்பாக்கிக் கூண்டு கிடையாது. அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கச் சன்னலும் இல்லை. ஜெர்மன் விமானம் சத்தமின்றிக் கீழே வந்து, இறக்கையில் உள்ள எரிபொருள் தொட்டியைக் குறிவைத்து, ஒளிராத தோட்டாக்களால் சில நொடிகள் சுட்டுவிட்டு விலகிவிடும். சுடப்பட்டவர்களில் திரும்பி வந்து விளக்கம் சொன்னவர்கள் மிகக் குறைவு. அருகே பறந்தவர்களுக்குக் காரணம் தெரியவில்லை, விளைவு மட்டும் தெரிந்தது. காரணம் இல்லாத இடத்தில் பொம்மை வந்து நின்றுகொண்டது.

திரைப்படங்கள் இந்த இடத்தில் எதிர்த் திசையில் தவறுகின்றன. திரைக்கு எதிரி தெரிய வேண்டும். பின்னாலிருந்து பாயும் விமானம், கண்ணைப் பறிக்கும் ஒளிக்கோடுகள், துப்பாக்கி வீரரின் கூக்குரல், விமானி சக்கரத்தைத் திருகுவது என்று காட்சி தொடுக்கப்படும். எதுவுமே நடக்காமல் ஐந்து மணி நேரம் கழிந்து, பிறகு எதுவென்று தெரியாமலே உயிர் போகிற ஒரு பயணத்தை எந்த இயக்குநரும் எடுக்க மாட்டார். எடுத்தாலும் நாம் உட்கார்ந்து பார்க்க மாட்டோம்.

பார்த்த கணத்திலேயே நேரும் பிழைக்கு இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. 1941 ஜூலையில் ‘டார்கெட் ஃபார் டுநைட்’ என்ற பிரிட்டிஷ் படம் வெளியானது. நடிகர்களுக்குப் பதிலாக உண்மையான விமானப்படையினரே அதில் தோன்றினார்கள். வெலிங்டன் விமானத்தின் விமானியாக வந்தவர் பெர்சி பிக்கார்ட். கற்பனை ஊர் ஒன்றின் ரயில் முனையத்தையும் எண்ணெய்க் கிடங்கையும் இரவில் தேடிச் சென்று, குறி தவறாமல் குண்டு போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். மக்கள் திரண்டு சென்று பார்த்தார்கள். அடுத்த மாதமே, விமானங்களிலிருந்து எடுக்கப்பட்ட அறுநூற்றுச் சொச்சம் புகைப்படங்களை ஆராய்ந்து பட் என்ற அரசு அதிகாரி அளித்த அறிக்கை, இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கின் 5 மைல் சுற்றளவுக்குள் சென்றிருந்தது என்றது. தொழிற்சாலைப் புகை மூடிய ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கில் அது பத்தில் ஒன்று. படம் ஊருக்குத் தெரிந்தது, அறிக்கை அமைச்சகத்துக்குள் நின்றது.

அந்த விமானிகள் பொய் சொல்லவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தரையிறங்கிய அரைமணி நேரத்தில், தேநீரும் சிகரெட்டும் கையில் இருக்க, உளவு அதிகாரி மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவர்கள் சொன்னதுதான் ‘இலக்கைத் தாக்கினோம்’ என்பது. ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கேட்டதல்ல. நினைவு மங்குவதற்கு நேரமே இருக்கவில்லை. ஆகவே ‘அன்றே எழுதியது’ என்பதற்காக ஓர் ஆவணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் பழக்கத்தை அந்த அறிக்கையைப் படித்த பிறகு விட்டுவிட்டேன்.

அமெரிக்கர்கள் பகலில் பறந்தார்கள். வெளிச்சம் இருந்தும் கணக்கு சரியாக வரவில்லை. 1943 ஆகஸ்ட் 17 அன்று ஷ்வைன்ஃபுர்ட், ரேகன்ஸ்புர்க் நகரங்களின் மேல் நடந்த தாக்குதலில் அவர்கள் 60 குண்டுவீச்சு விமானங்களை இழந்தார்கள். திரும்பி வந்த துப்பாக்கி வீரர்கள் 288 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக உரிமை கோரினார்கள். ஜெர்மன் பதிவேடுகளில் உள்ள இழப்பு இதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. இதிலும் வஞ்சகம் இல்லை. நெருங்கி அணிவகுத்துச் செல்லும் விமானங்களில் இருபது துப்பாக்கி வீரர்கள் ஒரே மெஸ்ஸர்ஷ்மிட்டை நோக்கிச் சுடுகிறார்கள்; அது கரும்புகை கக்கியபடி தலைகீழாகக் கீழே பாய்கிறது; இருபது பேரும் ‘விழுந்தது’ என்று கத்துகிறார்கள். அதுவோ சுட்டு முடித்துவிட்டு, இன்ஜினை முழுவேகத்தில் திருகி, வழக்கப்படி கீழே பாய்ந்து தப்பியது. அந்த இருபது பேரில் ஒருவரை 1990-இல் பேட்டி கண்டால் ‘நான் ஒன்றை வீழ்த்தினேன்’ என்பார். அவருடைய பேரனிடம் சான்றிதழும் இருக்கும்.

என் சொந்த நினைவின் இலட்சணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜெர்மன் அணைகளை உடைத்த தாக்குதலைப் பற்றி 1955-இல் வெளிவந்த ‘தி டேம் பஸ்டர்ஸ்’ படத்தைப் பள்ளி நாட்களில் பார்த்திருக்கிறேன். பீப்பாய் வடிவக் குண்டு பின்னோக்கிச் சுழன்றுகொண்டே நீல நிற நீரின் மேல் தத்தித் தத்திப் போவது என் மனத்தில் அப்படியே இருந்தது. பல பேரிடம் விவரித்தும் இருக்கிறேன். முப்பது ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது, அது கறுப்பு வெள்ளைப் படம். அதிலே பீப்பாயும் இல்லை. படம் எடுக்கப்பட்ட நாளில் அந்தக் குண்டின் உண்மையான வடிவமும் அதன் பின்சுழற்சியும் இராணுவ இரகசியம். ஆகவே படத்தில் வருவது ஏறக்குறைய உருண்டை. சுழற்சியைப் பற்றிப் பேச்சே கிடையாது. உண்மையான சோதனைக் காட்சிகளைச் சேர்த்த இடத்திலும் குண்டின் உருவத்தை மறைத்துவிட்டார்கள். நிமிடத்துக்கு 500 சுற்று என்ற கணக்கும் உருளை வடிவமும் பிற்காலத்தில் நான் படித்தவை. படித்தது பார்த்ததற்குள் புகுந்து, வண்ணமும் பூசிக்கொண்டு, பள்ளிப் பையனின் கண்ணால் கண்ட காட்சியாக உட்கார்ந்துவிட்டது. நினைவு என்பது எடுத்து வைத்த பொருளல்ல, ஒவ்வொரு முறையும் கட்டிக்கொள்வது என்று கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-லேயே எழுதியிருக்கிறார். எனக்கு அது உறைக்க ஒரு பீப்பாய் தேவைப்பட்டது.

இதே படத்தில், இரவில் நீர்மட்டத்திலிருந்து சரியாக 60 அடி உயரத்தில் பறப்பதற்கான வழி, தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய கை கிப்சன் நாடக அரங்கில் அமர்ந்திருக்கும்போது இரண்டு விளக்குகளின் ஒளிவட்டங்கள் ஒன்றுசேர்வதைக் கண்டு அவருக்குத் தோன்றுவதாகக் காட்டுவார்கள். அழகான காட்சிதான். அந்த யோசனையைச் சொன்னவர் விமான உற்பத்தி அமைச்சகத்தின் பெஞ்சமின் லாக்ஸ்பைசர். ஆனால் அலுவலக அறையில் ஓர் அதிகாரி ‘இரண்டு விளக்கு மாட்டிப் பாருங்கள்’ என்று சொன்னதை எவர் நினைவில் வைத்திருப்பார்? 19 விமானங்கள் போய் 8 திரும்பாத, 53 பேர் மாண்ட அந்த 1943 மே இரவைப் பற்றி இன்று யாரிடம் கேட்டாலும் நாடக அரங்கு கதையில் வந்துவிடும். கிப்சன் 1944 செப்டம்பரில் இறந்துவிட்டார். படத்தைப் பார்த்து ‘அப்படி இல்லை’ என்று சொல்ல அவர் இல்லை.

திரை நினைவுக்குள் புகுவதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு ஓர் அமெரிக்க அதிபர். குண்டடி பட்டு வீழும் பி-17 விமானத்தில், அடிவயிற்றுக் கூண்டில் சிக்கி அழும் இளம் துப்பாக்கி வீரனின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘கவலைப்படாதே, சேர்ந்தே போவோம்’ என்று சொல்லி உடன் மாண்ட விமானியின் கதையை ரொனால்ட் ரீகன் மேடைகளில் தழுதழுத்த குரலில் சொல்வார். 1983 டிசம்பரில் வீரப் பதக்கம் பெற்றவர்களின் கூட்டத்திலேயே சொன்னார். பத்திரிகையாளர் ஒருவர் அந்தப் போருக்காக வழங்கப்பட்ட 434 பதக்கங்களின் சான்றுரைகளையும் படித்துப் பார்த்தார். அப்படி ஒருவர் இல்லை. 1944-இல் வெளிவந்த ஒரு கடற்படைத் திரைப்படத்தில் மட்டும் ஏறத்தாழ அதே காட்சி இருந்தது. இருவருமே இறந்துவிட்டார்கள் என்றால் அந்தப் பேச்சைக் கேட்டு வந்து சொன்னவர் யார் என்ற கேள்வியைக் கதை கேட்ட கூட்டம் கேட்கவில்லை. ரீகன் போர்க்காலத்தில் பணியாற்றியது விமானப்படையின் திரைப்படப் பிரிவில் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர் பொய் சொன்னார் என்பதை விட, பார்த்த படத்தைப் பார்த்த போராக நினைவில் வைத்திருந்தார் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

‘மெம்ஃபிஸ் பெல்’ என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் கதையும் சிறிது விசித்திரமானது. வில்லியம் வைலர் 1944-இல் எடுத்த ஆவணப்படம் மெய்யான போர் வானத்தில் எடுக்கப்பட்டது. அவருடைய ஒளிப்பதிவாளர்களில் ஒருவரான ஹரால்ட் டானன்பாம் வேறொரு விமானத்தில் சென்று மாண்டார். ஆனால் கேமராக்கள் ஒலியைப் பதிவு செய்யாதவை. நாம் கேட்கும் வீரர்களின் உரையாடல், அவர்கள் அமெரிக்கா திரும்பிய பிறகு ஹாலிவுட் ஒலிப்பதிவுக் கூடத்தில் பேசிச் சேர்த்தது. அந்தக் குழுவின் இருபத்தைந்தாவது பயணம் 1943 மே 17 அன்று பிரான்சின் லோரியாங் துறைமுகத்துக்கு. ஆவணப்படத்தில் அது வில்ஹெல்ம்ஸ்ஹாஃபென். வைலரின் மகள் இணைந்து தயாரித்த 1990-ஆம் ஆண்டுக் கதைப்படத்தில் அதுவே பிரேமன். ஒரே கடைசிப் பயணத்துக்கு மூன்று ஊர்கள்.

எதை நம்புவது என்று கேட்டால், உடம்பு சொல்வதை நம்புகிறேன். குளிர், நாற்றம், இடநெருக்கடி, கை செய்த வேலை ஆகியவற்றைப் பற்றி இந்த முதியவர்கள் பேசும்போது அவர்கள் ஒருவரோடொருவர் முரண்படுவதே இல்லை. லங்காஸ்டரின் வெப்பக்காற்று வயர்லெஸ் ஆபரேட்டரின் அருகே வந்ததால் அவர் வியர்த்துக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் வால் கூண்டில் இருந்தவர் உறைந்துகொண்டிருந்தார். கூண்டின் கண்ணாடித் தகட்டில் ஓர் எண்ணெய்த் துளி இருந்தாலும் அது எதிரி விமானமாகத் தோன்றும் என்பதால், தகட்டையே கழற்றி எறிந்துவிட்டு, பூஜ்யத்துக்கு நாற்பது டிகிரி கீழான காற்றில் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தவர்கள் பலர். பாரசூட்டை உள்ளே வைத்துக்கொள்ள இடமில்லை. கூண்டுக்கு வெளியே, முதுகுக்குப் பின்னால் இருந்தது. லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் நிற்கும் ‘எஸ் ஃபார் சுகர்’ என்ற லங்காஸ்டரின் வாலருகே நின்று அண்ணாந்து பார்த்தபோது, அந்தக் கூண்டுக்குள் ஒருவர் ஏழெட்டு மணி நேரம் இருந்தார் என்பதை விட, தீப்பிடித்த நிலையில் பின்கதவைத் திறந்து, கையை நீட்டி, பாரசூட்டை எடுத்து மாட்டிக்கொண்டு குதித்தவர்களும் இருந்தார்கள் என்பதே எனக்கு நம்ப முடியாததாக இருந்தது.

திரைப்படக்காரர்கள் தவறுவதும் இதே உடம்பு விஷயத்தில்தான். பொத்தான், பட்டை, ஆணி வரை துல்லியமாகச் செய்துவிடுவார்கள். ஆனால் பத்தாயிரம் அடிக்கு மேலே போனபின் நடிகரின் முகமூடியைக் கழற்றிவிடுவார்கள். முகம் தெரிய வேண்டுமே! அந்த உயரத்தில் ஆக்சிஜன் முகமூடி இல்லாவிட்டால் முதலில் போவது அறிவு, பிறகு உயிர். பேசுகிற மைக்கும் அந்த முகமூடிக்குள்தான் இருந்தது. நான்கு இன்ஜின்களின் இரைச்சலில் அதைக் கழற்றிவிட்டு ஒருவர் காதில் இன்னொருவர் உருக்கமாகப் பேச வழியில்லை. ஆக்சிஜன் குழாயில் பனி உறைந்து அடைத்துக்கொண்டவர் அந்தப் பத்து நிமிடங்களில் கண்டதைப் பின்னாளில் எப்படிச் சொல்வார் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். ஆக்சிஜன் குறைந்தவருக்குத் தாம் தெளிவாக இருப்பதாகவே தோன்றும்.

இன்னொன்று, ஏழு பேரும் பார்த்தது ஒரே போர் அல்ல. நேவிகேட்டர் திரைச்சீலைக்குள், சிறு விளக்கின் கீழ், வரைபடத்தோடு அமர்ந்திருந்தார். முப்பது பயணங்கள் கொண்ட ஒரு டூரை முடித்தும் எரியும் நகரம் ஒன்றைக்கூட எட்டிப் பார்க்காத நேவிகேட்டர்கள் உண்டு. குண்டு குறிபார்ப்பவர் கவிழ்ந்து படுத்துக் கீழே மட்டும் பார்த்தார். வால் துப்பாக்கி வீரர் வந்த வழியை மட்டும் பார்த்தார். திரையில் நாம் எல்லார் கண்ணாலும் மாறி மாறிப் பார்க்கிறோம். அப்படிப் பார்த்தவர் அந்த விமானத்தில் எவரும் இல்லை.

இவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பதிவேடு இருந்தது. பகல் தாக்குதலைப் பச்சை மையிலும் இரவுத் தாக்குதலைச் சிவப்பு மையிலும் எழுதுவது வழக்கம். தேதி, விமானத்தின் எண், விமானியின் பெயர், பறந்த நேரம், ‘ஆப்ஸ் – எஸ்ஸென்’ (எஸ்ஸென் நகரத்தின் மேல் தாக்குதல்) என்று ஓரிரு சொற்கள், அவ்வளவுதான். பேட்டிகளில் தாள் புரளும் ஓசை கேட்டால் அவர் அந்தப் பதிவேட்டைப் பிரித்துவிட்டார் என்று பொருள். அதன்பின் தேதிகள் சரியாகிவிடும். குரலில் இருந்த ஏதோ ஒன்று போய்விடும். பதிவேடு இல்லாமல் அவர் தடுமாறிச் சொன்ன முதல் அரைமணி நேரத்தைத்தான் நான் திரும்பக் கேட்கிறேன்.

சோளக்கொல்லை பொம்மைக்கே வருகிறேன். 1944 மார்ச் 30 இரவு நியூரம்பர்க் நகரத்தை நோக்கி 795 விமானங்கள் புறப்பட்டன. நிலவு வெளிச்சத்தில் 95 விமானங்கள் வீழ்ந்தன. பாம்பர் கமாண்டின் வரலாற்றில் அதைவிட மோசமான இரவு இல்லை. அருகே ஒரு விமானம் விழுவதைக் கண்டால் துப்பாக்கி வீரர் இன்டர்காமில் சொல்ல வேண்டும், நேவிகேட்டர் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது நடைமுறை. வெளியே பார்த்தவர் எழுதவில்லை. எழுதியவர் வெளியே பார்க்கவில்லை. துப்பாக்கி வீரர் ‘ஸ்கேர்குரோ’ என்று சொல்லித் தம்மைத் தேற்றிக்கொண்டாலும், திரைக்குள் இருந்தவரின் பென்சில் மணியையும் நிமிடத்தையும் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் போட்டுவிடும். பிற்காலத்தில் காணாமல் போன விமானங்களைத் தேடியவர்கள், அந்த மணியையும் இடத்தையும் வைத்துக்கொண்டு, அங்கே விழுந்தது எது என்று பார்த்தார்கள்.